குப்பியில் சத்தம் கேட்டால் தண்ணீர் கிடையாது

அன்றைக்கு அம்மாவின் கூடை மீனோடு திரும்பி வந்தது. காலையில் மாமல்லபுரத்துக்குச் சுமந்து போன சங்கராவும் வவ்வாலும் ஒன்றுகூடக் குறையாமல் வாசலில் இறங்கின. என் அம்மா அஞ்சலை மீன் விற்காமல் திரும்பினாள் என்றால் ஒன்று ஊரே சைவமாகியிருக்க வேண்டும், இல்லையென்றால் அவள் தொண்டை அடைத்திருக்க வேண்டும். நான் டைபாய்டு காய்ச்சலில் கிடந்து, எழுந்து உட்காரும் அளவுக்குத் தேறியிருந்தேன். வாய் எனக்கு முன்னாலேயே தேறிவிட்டது.

"இன்னாம்மா, மீனுங்கல்லாம் ஊர் சுத்திப் பார்த்துட்டு வந்துச்சா?" என்றேன்.

இப்படிக் கேட்டால் வழக்கமாக ஒரு வசவு வரும். வரவில்லை. அம்மா கூடையின் பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.

"டாக்டரம்மா பூட்டாங்கடி பவுனு. காலைல செருப்பு மாட்டிகினு இருந்தாங்களாம். அப்படியே குந்திட்டாங்களாம். நெஞ்சு நின்னுபோச்சாம். அவங்க கிளினிக் கீற சிற்பிங்க தெருவுல ஒரு உளி சத்தம் இல்லடி."

என் தலைமாட்டில் அவர் கொடுத்த மருந்துக் குப்பி இருந்தது. அதில் இன்னும் கேப்சூல்கள் மீதி இருந்தன. அவை தீர்ந்த அன்று என் தலைக்கு முதல் செம்புத் தண்ணீர் ஊற்றுவதாக அவர் எனக்கு வாக்குக் கொடுத்திருந்தார். செத்துப்போனவரைப் பற்றி முதலில் என்ன நினைக்க வேண்டுமோ தெரியாது. நான் நினைத்தது இதுதான்: அப்படியானால் இனி யார் ஊற்றுவார்?

நம் படிப்பகத்து அண்ணன்மார்கள் அஞ்சலிக் கூட்டத்தில் வாசிக்க ஒரு கட்டுரை கேட்டார்கள். "இரங்கல் கட்டுரை பவுனு. யாரையும் சிரிக்க வைக்காதே" என்று கண்டிஷன் வேறு. இரங்கல் எழுத உட்கார்ந்தேன்; இறங்கவே மாட்டேன் என்கிறது. டாக்டர் மீனலோசனியைப் பற்றிச் சிரிக்காமல் எழுதினால் அது வேறு யாரோ டாக்டரைப் பற்றிய கட்டுரையாகிவிடும். எனவே அண்ணன்மார்கள் மன்னிக்கவும். உங்களில் முக்கால்வாசிப் பேரின் வயிற்றை அவர் அமுக்கிப் பார்த்திருக்கிறார். வயிற்றில் அடிக்கிறவர்கள் ஊரில் நிறைய இருக்கிறார்கள். தட்டிப் பார்த்தவர் அவர் ஒருவர்தான். "வயித்தைத் தொட்டுப் பார்க்காம மருந்து எழுதறவன் டாக்டர் இல்ல, ஜோசியக்காரன்" என்று அவர் சொல்வது உங்கள் காதிலும் இருக்கும்.

எங்கள் அறிமுகம் ஒரு நாவல் பழத்தில் ஆரம்பித்தது. செங்கல்பட்டிலிருந்து ஒரு பெண் டாக்டர் வந்து சிற்பிகள் தெருவில் கிளினிக் போட்டிருக்கிறார், யார் போனாலும் முதலில் நாக்கை நீட்டச் சொல்கிறார் என்று பள்ளிக்கூடத்தில் பேச்சு. சும்மா இருக்க முடியுமா? கை நிறைய நாவல் பழம் தின்றேன். நாக்கு கத்தரிக்காய் நிறத்துக்கு வந்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு போய் பெஞ்சில் முனகினேன். அவர் என் நாக்கைப் பார்த்தார். முகத்தில் ஒரு கோடுகூட அசையவில்லை.

"எப்பலேர்ந்து?"

"காலைலேர்ந்து டாக்டரம்மா."

"கஷ்டம்தான். இதுக்குப் பேரு நாவல் ஜுரம். பத்துப் பேருக்கு வந்தா ஒன்பது பேரு படிக்கிற பசங்க. ஊசிதான் போடணும்." உள்ளே போனார். ஒரு கையில் பெரிய பித்தளைப் பீச்சாங்குழலோடு வந்தார். மாட்டு டாக்டர்கூட அதைப் பார்த்தால் மாட்டை விட்டுவிட்டு ஓடியிருப்பார். நான் ஓடினேன். தெருமுனை தாண்டித் திரும்பிப் பார்த்தேன். வாசலில் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார். அது காது கழுவும் பீச்சாங்குழல் என்று பிறகு தெரிந்தது. "உம் பேரு இன்னாடி?" என்று கத்தினார். "பவுனு!" என்று நானும் கத்தினேன். "பவுனா? உரசிப் பார்த்தா பித்தளை!" என்றார். அன்றிலிருந்து எனக்கும் அவருக்கும் போர். சமாதானமே இல்லாத, சந்தோஷமான போர்.

சிற்பிகள் தெருவில் கிளினிக் வைத்தது அவர் செய்த பெரிய தப்பு என்று எல்லோரும் சொன்னார்கள். விடிந்தால் அடைந்தால் டொக் டொக் டொக். அந்தச் சத்தத்தில் காதுக்குள் குழாய் மாட்டிக்கொண்டு என்ன கேட்பது? டாக்டரம்மா அதற்கு ஒரு வழி வைத்திருந்தார். யாருக்காவது வயிற்றுவலி பலமாக இருந்தால், ஜன்னலைத் திறந்து, "அண்ணாத்தே! கொஞ்சம் நிறுத்துங்க! குடல் பேசுதான்னு கேக்கணும்!" என்று ஒரு குரல் விடுவார். உளிகள் அத்தனையும் நிற்கும். பாதித் தும்பிக்கை செதுக்கிய பிள்ளையார்கள்கூட மூச்சை அடக்குவது போல இருக்கும். தெருவே காத்திருக்கும். "பேசுது!" என்று உள்ளேயிருந்து பதில் வந்ததும் மறுபடி டொக் டொக்.

எனக்கு அது தாங்க முடியாத வேடிக்கை. குடல் என்னதான் பேசும் என்று கேட்டேன். குழாயை என் காதில் மாட்டி என் வயிற்றிலேயே வைத்துவிட்டார். கொள, கொள, கிர்ர்! நான் துள்ளிவிட்டேன். உள்ளே ஒரு மீன் சந்தையே நடக்கிறது! "இது பேசிகினே இருக்கணும்டி. உன்ன மாதிரி. நின்னுபோச்சுன்னாதான் எனக்கு பயம்" என்றார். நான் பேசுவதைப் பாராட்டிய முதல் படித்தவர் அவர்தான்.

அந்த பயத்தை நான் ஒரு முறை பார்த்தேன். என் அண்ணன் ஏழுமலையின் வயிற்றில்.

அண்ணனுக்குக் காய்ச்சல் வந்து ஒரு வாரம் இறங்கவில்லை. டாக்டரம்மா டைபாய்டு என்றார். குளோராம்பெனிகால் என்று ஒரு கேப்சூல் கொடுத்தார். மருந்து சின்னது, பெயர் மட்டும் கல்பாக்கத்துக்குப் போகிற பஸ் நீளம். வேளை தவறாமல் இரண்டு வாரத்துக்கும் மேல் போட வேண்டும் என்று அண்ணனிடமும் சொன்னார், அம்மாவிடமும் சொன்னார். என்ன மருந்து அது! நான்கு நாளில் கொதித்துக் கிடந்தவன் எழுந்து உட்கார்ந்து, "குழம்பு வையி" என்றான். அனல் போன இடம் தெரியவில்லை. குப்பமே வந்து அந்தக் குப்பியைப் பார்த்துவிட்டுப் போனது.

அங்கேதான் வந்தது வினை. நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும். கூட்டத்துக்கு வருகிற வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். காய்ச்சல் விட்டால் தலைக்குத் தண்ணீர் ஊற்றுவோம். ஊற்றிவிட்டால் நோய் வாசலைத் தாண்டிவிட்டது என்று அர்த்தம். அதற்குப் பிறகு மருந்தைத் தொட மாட்டோம். தொட்டால், போன நோயை 'ஏய், ஒண்ண மறந்துட்டுப் போயிட்டியே' என்று நாமே கூப்பிட்டது போல. அம்மா வேப்பிலை போட்டு வெந்நீர் காய்ச்சி, அழுதுகொண்டே சந்தோஷமாக அண்ணன் தலையில் ஊற்றினாள். குப்பியில் பாதிக்கு மேல் மீதி இருந்தது. அதைப் பரணில் வைத்தாள். அண்ணன் கட்டுமரம் ஏறினான்.

இரண்டு வாரம் போல நன்றாகத்தான் இருந்தான். பிறகு மறுபடியும் உடம்பு சுட்டது. தலைக்கு ஊற்றின பிறகு காய்ச்சல் என்று சொல்வதே அபசகுனம் என்று யாரிடமும் சொல்லாமல் கடலுக்குப் போய் வந்துகொண்டிருந்திருக்கிறான். ஒரு நாள் காலை வலையை இழுக்கும்போதே மடங்கி விழுந்தான். கரைக்குக் கொண்டுவந்தார்கள். எங்கள் நைனா அவனைத் தோளில் போட்டுக்கொண்டு மணலில் ஓட, நான் முன்னால் ஓட, அம்மா பின்னால் ஓட, கிளினிக்கில் போய் விழுந்தோம்.

டாக்டரம்மா அவன் வயிற்றில் கை வைத்தார். கேலி செய்ய வாயைத் திறந்தவர் மூடிக்கொண்டார். அமுக்கினார், அமுங்கவில்லை. ஜன்னலைத் திறந்து கத்தினார். உளிகள் நின்றன. குழாயை வைத்து ஓர் இடம் கேட்டார். இன்னோர் இடம் கேட்டார். தெருவில் சத்தம் இல்லை. அண்ணன் வயிற்றிலும் சத்தம் இல்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஓர் உளிகூட மறுபடி தட்டவில்லை. 'பேசுது' என்று பதில் வரவில்லையே!

"கட்டுமரம் மாதிரி கீது வயிறு" என்றார் மெதுவாக. "குடல்ல ஓட்ட விழுந்துபோச்சு. உள்ள இருக்கிறது வயித்துக்குள்ள கொட்டுது. ஆபரேஷன் பண்ணணும். தூக்குங்க."

அவருடைய பழைய காரை உங்களுக்கு மறந்திருக்காது. கதவைக் கயிற்றால் கட்டி வைத்திருப்பார். கிளம்ப வேண்டுமென்றால் நான்கு பேர் தள்ள வேண்டும். அன்று சிற்பிகள் தெருவே தள்ளியது. உளி வைத்திருந்த கைகள் எல்லாம் காரின் முதுகில்! திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டுக்கு அந்தக் கார் போன வேகத்தை நான் இன்றைக்கும் நம்பவில்லை. பின் சீட்டில் அம்மா மடியில் அண்ணன். முன் சீட்டில் நான், ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு. டாக்டரம்மா ஹாரனை விடவே இல்லை. வழியில் ஒரு எருமை நடுரோட்டில் நின்றது. "நவுருடி மகராசி! உள்ள ஒரு உசுரு கீது!" என்று தலையை நீட்டிக் கத்தினார். எருமை நகர்ந்தது. அந்த நேரத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது. அம்மா என்னை முறைத்தாள். டாக்டரம்மா, "சிரிக்கட்டும் வுடு அஞ்சல. ஒருத்தராவது மூச்சு விடணும் இல்ல?" என்றார்.

பெரியாஸ்பத்திரியில் அறுவை செய்தார்கள். குடலில் பட்டாணி அளவு ஓட்டையாம். அதைத் தைத்து, வயிற்றைக் கழுவி மூடினார்கள். மூக்கு வழியாக ஒரு ரப்பர் குழாய், கையில் ஒரு குழாய், பக்கத்துக் கம்பியில் தலைகீழாகத் தொங்கும் பாட்டில். அதே நீளப் பெயர் மருந்து இப்போது ஊசியாகப் போனது. கூட இன்னும் ஒரு ஊசி. "ஒரு கிருமி இல்ல இப்ப. குடல்ல குடியிருந்ததுங்க அல்லாம் வெளிய வந்து கூட்டம் போட்டிருக்கு. ஒரே போலீஸ்காரன் பத்தாது, ரெண்டு பேர அனுப்பியிருக்கோம்" என்று டாக்டரம்மா எங்களுக்கு விளக்கினார். தண்ணீர் ஒரு சொட்டு வாயில் படக்கூடாது. கடலில் பிறந்தவன், 'தண்ணி, தண்ணி' என்று உதட்டை நக்கிக்கொண்டு கிடந்தான்.

டாக்டரம்மா ஒவ்வொரு சாயங்காலமும் கிளினிக்கை முடித்துவிட்டு வந்துவிடுவார். வந்ததும் அவன் வயிற்றில் குழாயை வைப்பார். உதட்டைப் பிதுக்குவார். குடல் முழித்துக்கொண்டால் முதலில் காற்று பிரியும். அதுவரை பிழைத்தான் என்று சொல்ல முடியாது என்றார். அவ்வளவுதான்! நைனாவுக்கு அது போதும். வாழ்நாள் முழுக்கக் காற்றைப் பார்த்துக் காத்திருந்தவர் ஆயிற்றே! வார்டு வாசலில் உட்கார்ந்துகொண்டு, போகிற வருகிற நர்ஸ் எல்லோரிடமும், "காத்து வந்துச்சாம்மா?" என்று கேட்பார். பக்கத்துக் கட்டிலுக்குத் துணைக்கு வந்த கூடுவாஞ்சேரிக்காரர் பாவம், "சாயந்தரம் கடல் காத்து வரும் பெரியவரே, ஜன்னலைத் தொறந்து வைங்க" என்றார். நைனா அவரைப் பார்த்த பார்வையில் அவர் ஜன்னலையே மூடிவிட்டார்.

அது வந்தது. நட்டநடுப் பகலில், பெரிய டாக்டர் ரவுண்டு வரும்போது, வார்டே மரியாதையாக நிமிர்ந்து உட்கார்ந்திருந்த நேரத்தில். நீளமாக, நிதானமாக, சந்தேகத்துக்கு இடமில்லாமல். பிறகு நைனா எழுந்து, இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பி, "வந்துடுச்சு! காத்து வந்துடுச்சு!" என்று கத்தினார். பெரிய டாக்டரே சிரித்துவிட்டார். அம்மா ஓடிப்போய் ஆரஞ்சு மிட்டாய் வாங்கி வந்து வார்டு முழுக்கக் கொடுத்தாள். கூடுவாஞ்சேரிக்காரருக்கு இரண்டு. பிள்ளை பிறந்தால் மிட்டாய் கொடுப்பார்கள், பரீட்சையில் தேறினால் கொடுப்பார்கள். என் அண்ணன் விட்ட காற்றுக்கு மிட்டாய் கொடுத்த குடும்பம் எங்களுடையது. அதில் எங்களுக்குப் பெருமைதான்.

சாயங்காலம் டாக்டரம்மா வந்தார். குழாயை வைத்தார். அவர் முகம் இருந்ததே! பீடி புகைக்க வராந்தாவுக்குப் போயிருந்த ஆட்களை எல்லாம் கூப்பிட்டு, "பேசுதுய்யா! குடல் பேசுது!" என்றார். "டேய் ஏழுமல, நான் எவ்ளோ கச்சேரி கேட்டுகீறேன். இந்த மாதிரி ஒரு சத்தம் கேட்டதில்லடா." அவர் கண்ணில் தண்ணீர். எல்லோரும் பார்த்துவிட்டோம். அவரும் மறைக்கவில்லை.

அண்ணன் வீடு திரும்பிய பிறகு அவர் நம் குப்பத்துக்கு வந்தார். திட்டத்தான் வருகிறார் என்று அம்மா அடுப்பு மூலையில் போய் ஒண்டிக்கொண்டாள். நம் பெண்கள் எல்லோரும் கூடிவிட்டார்கள். டாக்டரம்மா மணலில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, "அஞ்சல, வெளிய வா" என்றார்.

"நாந்தான் டாக்டரம்மா எம் புள்ளைக்கு எமன். நாந்தான் தண்ணி ஊத்திட்டேன். இனிமே செம்பையே தொடமாட்டேன்" என்று அம்மா அழுதாள்.

"தண்ணி ஊத்துனது தப்பே இல்ல. முன்னாடி ஊத்திட்ட, அவ்ளோதான். காய்ச்சல் போனது வேற, கிருமி போனது வேற. வலைய பாதி இழுத்துட்டு கயித்த வுட்டா இன்னா ஆவும்?"

"மீனு பூடும்."

"பூடுது இல்ல? அதேதான். மீதி கிருமி குடல்ல குந்திகினு, ஆள் அசந்த நேரம் பார்த்து வேலையக் காட்டிச்சு." பிறகு குரலை உயர்த்தினார். "இதக் கேளுங்க. தலைக்கு ஊத்துங்க, வேப்பிலை போடுங்க, பாட்டுகூட பாடுங்க. ஆனா இந்தக் குப்பத்துல மருந்து சாப்பிடறவங்களுக்கு முதல் செம்பு நான்தான் ஊத்துவேன். குப்பிய காதுகிட்ட வெச்சி ஆட்டுவேன். சத்தம் கேட்டா தண்ணி கிடையாது!"

ஊத்தாதே என்று சொல்லியிருந்தால் நாம் கேட்டிருப்போமா? ஒளித்து ஊற்றியிருப்போம். அவர் நம் வழக்கத்தைப் பிடுங்கவில்லை. அதன் வாசலில் போய்க் காவலுக்கு நின்றுகொண்டார். அதுவும் டாக்டர் கையால் முதல் செம்பு என்றால் சும்மாவா! அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் நீங்கள் பார்த்ததுதான். யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் குழாயடியில் பெண்கள் கேட்கும் கேள்வி, "இன்னாடி, உங்க வூட்டுக் குப்பி இன்னும் பேசுதா?" குப்பி பேசுவதை நிறுத்தினால் டாக்டரம்மாவுக்கு ஆள் போகும். கார் மணலில் மாட்டிக்கொள்ளும். புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு வருவார். குப்பியைக் காதில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு ஆட்டுவார். கூட்டம் மூச்சை அடக்கும். "மௌனம்!" என்பார். செம்பு கவிழும். குலவை கேட்கும்.

கோவிந்தன் மாமா, தலைக்கு ஊற்றினால்தான் கிடைக்கும் கறிக்குழம்பின் ஆசையில் மீதிக் கேப்சூல்களை ஈர மணலில் கொட்டிவிட்டுக் காலிக் குப்பியை நீட்டினாரே, ஞாபகம் இருக்கிறதா? டாக்டரம்மா குப்பியை ஆட்டினார், சத்தமில்லை. மாமாவின் முகத்தைப் பார்த்தார். அது சத்தமாகப் பேசியது. "மாமா, இந்தக் கரையில இனிமே ஒரு நண்டுக்கும் டைபாய்டு வராது" என்றார். கூட்டம் உருண்டு புரண்டு சிரித்தது. பையிலிருந்து ஒரு புதுக் குப்பியை எடுத்து மாமா கையில் வைத்தார். கறிக்குழம்பு தள்ளிப்போனது. மாமா இன்று நம்மோடு உட்கார்ந்து இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார், நண்டுகளும் நலம்.

"வயித்துல சத்தம் வேணும், குப்பியில சத்தம் கூடாது." அவர் வாயிலிருந்து நான் அதிகம் கேட்ட வார்த்தை இதுதான்.

கடைசியாக என் முறை வந்தது. இந்த முறை நாவல் பழம் இல்லை. அம்மா என்னைக் கைத்தாங்கலாகக் கூட்டிப் போனாள். "வாடி பித்தளை" என்று ஆரம்பித்தவர், என் நெற்றியையும் வயிற்றையும் தொட்டதும் கேலியை நிறுத்திக்கொண்டார். அப்போதுதான் எனக்கு பயம் வந்தது. அவர் கேலி பண்ணுகிற வரைக்கும் யாரும் சாகமாட்டார்கள் என்று நான் ஒரு கணக்கு வைத்திருந்தேன். குப்பியை என் கையில் கொடுத்தார். பிறகு அம்மாவை மட்டும் தனியாக ஜன்னல் பக்கம் அழைத்துப் போய்க் காதில் ஏதோ சொன்னார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது.

போச்சு, பவுனு செத்தாள் என்று நினைத்தேன். வழியெல்லாம் கேட்டேன். "இன்னாமா சொன்னாங்க?" அம்மா, "ஒண்ணும் இல்ல, நட" என்றாள். வீட்டுக்கு வந்து பயத்திலேயே கேப்சூலை வேளை தவறாமல் போட்டேன். காய்ச்சல் இறங்கியது. பசி வந்தது. வாய் வந்தது. அப்போதுதான் அம்மாவின் கூடை மீனோடு திரும்பி வந்தது.

அன்று நம் குப்பம் செய்தது உங்களுக்குத் தெரியும். ரத்த சொந்தம் போனால் தலை முழுகுவது போல, வீட்டுக்கு வீடு எல்லோரும் டாக்டரம்மாவுக்காகத் தலை முழுகினார்கள். யாரும் சொல்லி யாரும் செய்யவில்லை. அவரை வழியனுப்பச் செங்கல்பட்டுக்குப் போய்த் திரும்பியவர்கள் ஈரத் துணியோடு கடற்கரையில் நின்றார்கள். அண்ணன் சட்டை இல்லாமல் நின்றான். வயிற்றுத் தழும்பு வெயிலில் மினுங்கியது. நான் மட்டும் உலர்ந்த தலையோடு வாசலில் உட்கார்ந்திருந்தேன்.

பக்கத்து வீட்டு ராணி அத்தைக்கு மனசு கேட்கவில்லை. "பவுனுக்கும் ஊத்திடலாம் அஞ்சல. அவ பேர்ல உசுரா இருந்தவங்க. காய்ச்சலும் விட்டுடுச்சே! ஒரு செம்பு ஊத்துனா இன்னா?" என்றாள். நாலைந்து பேர் தலையாட்டினார்கள். எனக்கும் ஆசைதான். அவருக்காக நான் மட்டும் முழுகாமல் இருப்பதா? ஒரு செம்பு ஊற்றினால் தலைக்கு ஊற்றியாச்சு. பிறகு யார் மருந்தைத் தொடுவார்கள்?

அம்மா எழுந்தாள். உள்ளே போய் என் குப்பியை எடுத்து வந்தாள். ராணி அத்தையின் காதுக்குப் பக்கத்தில் வைத்து ஆட்டினாள். கடகட, கடகட.

"கேக்குதா? டாக்டரம்மா பேசுறாங்க. எம் பொண்ணு தல காஞ்சிதான் இருக்கணும்" என்றாள்.

ராணி அத்தை தன் ஈர முந்தானையால் என் உலர்ந்த தலையைத் தடவிக் கொடுக்கப் போய், சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள். ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டுவிடக் கூடாதாம்!

குப்பி பேசுவதை நிறுத்திய நாள் போன வாரம்தான். காலையில் கடைசிக் கேப்சூலை விழுங்கினேன். குப்பமே கூடியது. முதல் செம்பை யார் ஊற்றுவது என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். செம்பையே தொடமாட்டேன் என்றிருந்த என் அம்மா முன்னால் வந்தாள். குப்பியை வாங்கினாள். காதில் வைத்தாள். டாக்டரம்மாவைப் போலவே கண்ணை மூடிக்கொண்டாள். ஆட்டினாள். அலைச் சத்தம் கேட்டது, அவ்வளவுதான்.

"மௌனம்" என்றாள். செம்பைத் தூக்கினாள். நானும் கண்ணை மூடிக்கொண்டேன். அழலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது தண்ணீர் தலையில் விழுந்தது.

ஐஸ்! சுத்தமான, நண்டும் நடுங்குகிற ஐஸ் தண்ணீர்! மீன் பெட்டியில் போடும் ஐஸ்! நான் போட்ட கூச்சல் கல்பாக்கத்தில் கேட்டிருக்கும். ஆறடி துள்ளினேன். அம்மா செம்பைக் கீழே போட்டுவிட்டு மணலில் உட்கார்ந்து சிரித்தாள். கண்ணில் நீர் வழிய வழியச் சிரித்தாள்.

"டாக்டரம்மா சொன்னாங்கடி! அன்னிக்கி காதுல அதான் சொன்னாங்க! 'முதல் செம்புக்கு ஐஸ் வாங்கி வெச்சிடு அஞ்சல, இவளுக்கு நாவல் பழக் கடன் ஒண்ணு கீது'ன்னு சொன்னாங்கடி!"

டாக்டர் போன பிறகு குப்பம் சிரித்த முதல் சிரிப்பு அதுதான். நைனா சிரித்தார், அண்ணன் தழும்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தான், கோவிந்தன் மாமா இருமும் வரை சிரித்தார். நான் பல் கிடுகிடுக்க நின்றேன். அந்தக் குளிரிலும் ஒன்று புரிந்தது: இந்தப் போரில் கடைசி அடி அவருடையது. திருப்பி அடிக்க ஆள் இல்லை. அது ஒன்றுதான் எனக்கு ஆற்றாமை.

அவருடைய பொருள் என்று என்னிடம் இருப்பது அந்தக் காலிக் குப்பி மட்டும். பரணில் வைக்கவில்லை, படிக்கும் மேசையில் வைத்திருக்கிறேன். இதை எழுதும்போது நடுவில் ஒருமுறை எடுத்துக் காதில் வைத்து ஆட்டிப் பார்த்தேன். சத்தமில்லை. அதே நேரம் என் வயிறு கிர்ர் என்று ஒரு குரல் கொடுத்தது. அம்மா சங்கரா குழம்பு வைத்திருக்கிறாள்.

பேசுது டாக்டரம்மா. பேசிகினே கீது.